கத்தியில் பேர் இருந்தது, யாரும் நம்பல

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பேர் கண்டுபிடிச்ச கதை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

அடிபட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்கன்னா இதைக் கவனிச்சிருப்பீங்க. தையல் போட்டு முடிச்சதும் டாக்டர் ஏ.ஆர். எழுத உட்காருவார். "மச்சம் எங்க இருக்கு? ரெண்டு சொல்லுங்க" என்பார். மண்டை உடைஞ்சு வந்தவனிடம் மச்சம் கேட்கிறாரே என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. அந்தக் காயம் இந்த ஆளுடையதுதான், வேறு யாருடையதும் இல்லை என்று நாளைக்கு கோர்ட்டில் சொல்லணும். அதுக்குத்தான் அந்த ரெண்டு மச்சம்.

போஸ்ட்மார்ட்டத்தில் இது இன்னும் சிரமம். யாரென்று தெரியாத உடல் வந்தால், ஆண், வயது சுமார் 40, உயரம் இவ்வளவு என்று எழுதிவிடலாம். அது படிச்சதை வைச்சே வந்துவிடும். ஆனா இவர் இன்னார், இன்ன ஊர்க்காரர் என்று சொல்ல ஒரு பச்சை குத்தல் வேணும், சட்டைக் காலரில் டெய்லர் கடைப் பேர் வேணும், பழைய எலும்பு முறிவு வேணும்.

"இது என்ன வகை" என்பதும் "இது யார்" என்பதும் வேறு வேறு கேள்விகள். இதை மனசுல வைச்சுக்கிட்டு மேல வாங்க.

1991 செப்டம்பர். அமெரிக்காவின் நியூஜெர்சி கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளி, கடலுக்கடியில் ஏதோ பெரிதாகக் கிடக்கிறது, அங்கே மீன் நல்லா கிடைக்குது என்று ஒரு மீன்பிடிப் படகுக்காரர் பில் நேகிள் என்பவரிடம் சொல்கிறார். நேகிள் மூழ்கிய கப்பல்களுக்கு டைவர்களைக் கூட்டிப்போகும் படகு வைத்திருந்தவர்.

நேகிளோடு போன டைவர்களில் ஒருவர் ஜான் சாட்டர்டன். தண்ணீருக்கடியில் கட்டுமான வேலை செய்வது அவர் தொழில். வியட்நாம் போரில் ராணுவ மெடிக்காக இருந்தவர். (எனக்கு அவரைப் பிடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.)

ஆழம் 230 அடி, அதாவது 70 மீட்டர். பழைய சரக்குப் படகா இருக்கும் என்று நினைத்துத்தான் இறங்கினார்கள். உள்ளே கிடந்தது டார்பிடோ.

அந்த இடத்தில் எந்த நாட்டு நீர்மூழ்கியும் மூழ்கியதாக ஒரு பதிவும் இல்லை. அமெரிக்கக் கடற்படையிடம் இல்லை, ஜெர்மன் பட்டியல்களிலும் இல்லை. அடுத்த முறை இறங்கியபோது சாட்டர்டன் இரண்டு பீங்கான் கிண்ணங்களைக் கொண்டுவந்தார். அடியில் நாஜிக் கழுகு, ஸ்வஸ்திகா, 1942 என்று வருடம்.

ஆக ஜெர்மன் யு-போட் என்பது உறுதி. ஆனா எது? டைவர்கள் கிண்டலாக வைத்த பேர் "யு-ஹூ". தமிழில் சொன்னா "யாரு-போட்".

போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்தாங்களே, அதைப் பார்த்துச் சொல்ல முடியாதா என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி.

சில சமயம் முடியும். 1945 மே மாதம் தாய்லாந்து வளைகுடாவில் 86 பேரோடு காணாமல்போன அமெரிக்க நீர்மூழ்கி லகார்ட்டோவை 2005-ல் டைவர்கள் கண்டுபிடித்தார்கள். மறு வருடம் அமெரிக்கக் கடற்படை டைவர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். முன்னால் ஒரு 5 அங்குல பீரங்கி, பின்னால் ஒரு 5 அங்குல பீரங்கி. அந்த அமைப்பு அரிது. ப்ரொப்பல்லரில் "மானிடோவாக்" என்ற எழுத்து. விஸ்கான்சின் மாநிலத்தில் அந்தக் கப்பலைக் கட்டிய ஊரின் பெயர். படத்திலேயே ரெண்டு மச்சமும் கிடைச்சாச்சு. கேஸ் முடிஞ்சது.

நியூஜெர்சி கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்கள் யு-போட்டின் வெளியே நம்பர் எழுதி வைப்பதில்லை. கோபுரப் பகுதி பிய்ந்து பக்கத்தில் மணலில் கிடந்தது. நடுவில் கட்டுப்பாட்டு அறை இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி டஜன் கணக்கில் கட்டப்பட்ட கப்பல்களில் ஒன்று. படத்தில் தெரிந்தது வகை மட்டும்தான்: ஒன்பதாம் வகை, நீண்ட தூரம் போகக்கூடியது, சுமார் 76 மீட்டர் நீளம்.

படத்தைப் படிக்கவே சாட்டர்டன் தனியாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. சிகாகோ அருங்காட்சியகத்தில் யு-505 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி முழுசாக இருக்கிறது. 1944-ல் அமெரிக்கர்கள் உயிரோடு பிடித்தது, இதே ஒன்பதாம் வகைக் குடும்பம். அங்கே போய் எந்த வால்வு எங்கே, எந்தக் குழாய் எந்த அறைக்குப் போகுது என்று பார்த்து வந்தார். பிறகு சிதைந்த கப்பலின் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒப்பிட்டார்.

முதல் வருடம் நாங்க அனாட்டமி ஹாலில் செய்ததும் இதேதான். நல்லா இருக்கும் உடலைத் தெரிஞ்சாத்தான் சிதைஞ்ச உடலைப் படிக்க முடியும்.

1991 நவம்பர். உள்ளே துழாவும்போது சாட்டர்டன் கையில் ஒரு கத்தி அகப்படுகிறது. மரக் கைப்பிடி. அதில் யாரோ கையால் செதுக்கிய பேர்: ஹோரன்பர்க்.

சட்டைக் காலரில் டெய்லர் லேபிள் இல்லை இது, ஆளோட பேரே!

ஜெர்மனிக்கு விசாரித்து எழுதினார்கள். ஹோரன்பர்க் என்ற பேரில் யு-போட் படையில் ஒருவர் இருந்திருக்கிறார். மார்ட்டின் ஹோரன்பர்க், ரேடியோ பிரிவின் மூத்த ஆள். அவர் வேலை பார்த்த கப்பல் யு-869.

முடிஞ்சதுல்ல? முடியலை.

ஏன்னா ஆவணங்களின்படி யு-869 மூழ்கியது அட்லாண்டிக்கின் அந்தக் கரையில். மொராக்கோ நாட்டின் ரபாத் நகரத்துக்கு வெளியே, 1945 பிப்ரவரி 28. மூழ்கடித்தவை ஃபௌலர் என்ற அமெரிக்கக் கப்பலும் ஒரு பிரெஞ்சுக் கப்பலும். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது.

அதனால் நிபுணர்கள் சொன்ன பதில் என்ன தெரியுமா? கத்தி எப்படியோ கைமாறியிருக்கும். துறைமுகத்தில் தொலைஞ்சிருக்கும். யாராவது திருடியிருப்பாங்க. யு-869 ஆக இருக்க வாய்ப்பில்லை, அது ஆப்பிரிக்கா பக்கம் கிடக்குது.

டைவர்களும் அதை ஏத்துக்கிட்டாங்க. வேறு கப்பல்களைத் தேடிப் போனார்கள். கொஞ்ச காலம் யு-857 என்று நினைத்தார்கள். ஜெர்மனியின் பழைய யு-போட் தளபதி ஒருவர், இது இந்தியப் பெருங்கடலுக்குப் புறப்பட்டுக் காணாமல்போன யு-851 என்று அடிச்சுச் சொன்னார். பிறகு சிதைவுக்குள் கிடைத்த ஒரு துண்டில் கப்பல் வகை ஒன்பது சி என்றும், கட்டிய இடம் பிரேமனில் உள்ள டெஷிமாக் என்றும் தெரிந்தது. யு-851 அதைவிடப் பெரிய ரகம், அதனால் அது போச்சு.

பிரேமன் டெஷிமாக்கில் கட்டப்பட்ட ஒன்பது சி ரகம். யு-869-க்கும் இது அப்படியே பொருந்துது. ஆனா அதுதான் "ஆப்பிரிக்காவில்" இருக்குதே!

இங்கே என் கதை ஒண்ணு சொல்றேன், அந்த நிபுணர்களைத் திட்ட எனக்கு ஏன் வாய் வரலைன்னு புரியும்.

டூட்டியில் சேர்ந்த புதுசு. ராத்திரி ரெண்டு மணி. ஐம்பது வயது அண்ணன் ஒருத்தர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். கையில் வேறொரு இடத்தில் எழுதித் தந்த சீட்டு, அதில் அல்சர் என்று இருந்தது. நானும் வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு அல்சருக்கு ஊசி எழுதினேன். சிஸ்டர்தான் தயங்கித் தயங்கி, "டாக்டர், ரொம்ப வேர்க்குது அவருக்கு, ஒரு ஈசிஜி எடுத்துரலாமா?" என்றார். எடுத்தோம். மாரடைப்பு. இதயத்தின் அடிச்சுவர்.

வேர்வை என் கண்ணுக்கும் தெரிஞ்சுதான் இருந்தது. சீட்டில் அல்சர்னு எழுதியிருந்ததால, வெக்கையா இருக்கும்னு நினைச்சேன். முதலில் யாரோ எழுதின விஷயத்தில் நங்கூரம் போட்டுட்டா, கண் முன்னால இருக்கிறதுக்கும் வேற காரணம் சொல்லிடுவோம். அவர் பிழைச்சுக்கிட்டார். சிஸ்டருக்கு இன்னிக்கும் கடன்பட்டிருக்கேன்.

கத்தி விஷயத்திலும் நடந்தது அதுதான். சீட்டில் ரபாத் என்று எழுதியிருந்தது.

சரி, அந்தச் சீட்டை எழுதியது யார்?

யு-869 1944 டிசம்பரில் நார்வேயிலிருந்து புறப்பட்டது. தளபதி ஹெல்மூட் நோயர்பர்க், வயது 27. அவருக்கும் பெரும்பாலான மாலுமிகளுக்கும் இதுதான் முதல் போர்ப் பயணம். முதலில் கொடுத்த உத்தரவு நியூயார்க் கடற்பகுதிக்குப் போ என்பது. 1945 ஜனவரி 8 அன்று தலைமையகம் ரேடியோவில் உத்தரவை மாற்றியது: ஜிப்ரால்டருக்குப் போ.

யு-869 அதற்குப் பதில் அனுப்பவில்லை. அந்தச் செய்தி அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை என்று இன்று நாம் புரிந்துகொள்ளலாம். தலைமையகம் கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, கப்பல் ஜிப்ரால்டர் பக்கம் வருவதாகக் கணக்கு எழுதியது.

போர் முடிந்தது. காணாமல்போன நூற்றுக்கணக்கான யு-போட்டுகளுக்குக் கணக்கு முடிக்க வேண்டும். ஜிப்ரால்டர் பக்கம் போகச் சொன்ன கப்பல் ஒன்று திரும்பவில்லை. அதே சமயத்தில் ரபாத் பக்கம் ஃபௌலர் ஒரு தாக்குதல் நடத்தியிருக்கிறது. போர்க்காலத்தில் அந்தத் தாக்குதலைப் பெரிசா யாரும் மதிக்கலை. ஆனா இப்போ ரெண்டும் பொருந்துது. பேனாவை எடுத்துச் சேர்த்துட்டாங்க. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஃபைல் மூடணும், அவ்வளவுதான். ஃபைல் மூடும் அவசரம் எனக்கும் தெரியும்.

சில வருடங்கள் கழித்து சாட்டர்டனும் அவர் கூட்டாளி ரிச்சி கோலரும் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய ரேடியோ செய்திகளைத் தோண்டினார்கள். ஜெர்மன் ரகசியச் செய்திகளை நேச நாடுகள் போரின்போதே உடைத்துப் படித்து வந்தன. அந்தக் காகிதங்களில் முதலில் நியூயார்க், பிறகு ஜிப்ரால்டர், நடுவில் பதில் இல்லாத இடைவெளி, எல்லாம் இருந்தது. கோலர் நியூஜெர்சியில் கண்ணாடி வியாபாரம் செய்தவர். தொழில்முறை வரலாற்றாசிரியர் இல்லை, சாட்டர்டனும் இல்லை. அச்சான பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் மூலக் காகிதத்தைப் பார்க்கணும்னு அவங்களுக்குத் தோணுச்சு.

ஆனா காகிதம் காகிதம்தான். கப்பலுக்குள்ளிருந்தே ஒரு சாட்சி வேணும். அதற்குத் திரும்பத் திரும்ப இறங்கினார்கள்.

இறங்குவது என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லிடறேன். 70 மீட்டர் ஆழத்தில் நம்ம மேல் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல எட்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலிருக்கும் நைட்ரஜன் மூளையில் குடிபோதை மாதிரி வேலை செய்யும். சின்னக் கணக்கு மறந்துபோகும். பயம் வந்தால் பல மடங்காகும்.

அடுத்த ஆபத்து மேலே ஏறும்போது. ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறணும். கோலி சோடாவை உடைச்சதும் பொங்குதே, வேகமா ஏறினா உடம்புக்குள்ள அதுதான் நடக்கும். மூட்டு, தண்டுவடம், நுரையீரல், மூளை எல்லா இடத்திலும் குமிழி. அதனால் கீழே 25 நிமிஷம் இருந்தால், நின்று நின்று மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முதல் மாதத்திலேயே ஒரு டைவர் கீழே நினைவிழந்து இறந்தார். உடல் அப்போது கிடைக்கவில்லை.

1992 அக்டோபரில் ஒரு அப்பாவும் மகனும் இறங்கினார்கள். பேர் ரெண்டு பேருக்கும் கிறிஸ் ரௌஸ். திறமையான டைவர்கள். போதையைக் குறைக்கும் ஹீலியம் கலவைக்கு அன்று காசு ஒத்துவரலை, காற்றோடு இறங்கினார்கள். உள்ளே மகன் மீது ஏதோ சரிந்து விழுந்து சிக்கிக்கொண்டார். அப்பா உள்ளே போய் மகனை விடுவித்தார். அதற்குள் நேரம் போய்விட்டது. வெளியே வந்து குழப்பத்தில் ஏறும் கயிற்றைத் தவறவிட்டு, நிற்க வேண்டிய இடங்களில் நிற்காமல் நேராக மேலே வந்துவிட்டார்கள். ரெண்டு பேருமே பிழைக்கலை.

யு-ஹூவின் பேரைத் தேடி மூன்று உயிர் போயாச்சு. கத்தியோ 1991 நவம்பரிலிருந்தே கையில் இருக்குது.

கப்பலுக்குள் எலும்புகள் கிடந்தன. ஷூக்கள் கிடந்தன. எலும்புகளுக்கு நடுவே தேடினால் அடையாளத் தகடோ பேர் பொறித்த கடிகாரமோ கிடைத்திருக்கலாம். சாட்டர்டனும் கோலரும் அங்கே கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கடைசி வரை அதைக் காப்பாற்றினார்கள். போஸ்ட்மார்ட்டம் செய்கிறவன் நான், அங்கே கை வைத்திருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் யோசிச்சேன். எங்களுக்குச் சட்டம் அந்த உரிமையைத் தருது. சொந்தக்காரங்க வெளியே நிற்கிறாங்க, உடலை அவங்க கையில் கொடுக்கிறோம். இங்கே அவங்களைக் கேட்கவும் ஆள் இல்லை, அந்த எலும்புகளை வாங்கிக்கவும் ஆள் இல்லை.

ஆகவே மனித உடல் இல்லாத இடத்தில், அதாவது இயந்திரங்கள் இருக்கும் பின்பகுதியில் தேடணும். டீசல் இயந்திர அறைக்கு அப்பால் மின்மோட்டார் அறை. வழி அடைத்துக் கிடந்தது. முதுகில் சிலிண்டரோடு நுழைய முடியாத இடுக்கு. சாட்டர்டன் சிலிண்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தார். ஒரு தடவை அல்ல, பல தடவை. இதைப் படிச்சப்போ எனக்கே மூச்சு முட்டுச்சு.

1997 ஆகஸ்ட் 31. அந்த அறையிலிருந்து உதிரிபாகப் பெட்டி ஒன்று மேலே வந்தது. அதில் ஒரு சின்னத் தகடு.

யு-869.

கத்தி கிடைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. முதன்முதலில் அங்கே கூட்டிப்போன பில் நேகிள் 1993-லேயே இறந்துவிட்டார். தகட்டை அவர் பார்க்கலை.

"யார்" என்பது முடிந்தது. அடுத்து எங்க சர்டிபிகேட்டில் வரும் கட்டம்: இறப்புக்கான காரணம். இதில் இன்றைக்கும் ரெண்டு கட்சி.

சாட்டர்டனும் கோலரும் சொன்னது, அது ஏவிய டார்பிடோவே சுற்றித் திரும்பி வந்து அதைத் தாக்கியது என்று. சத்தத்தைத் தேடிப் போகும் டார்பிடோக்கள் அப்போது வந்துவிட்டன, ஏவியவனின் சத்தத்தையே தேடி வருவதும் நடக்கக்கூடியதுதான்.

மற்ற கட்சி கேரி ஜென்டில் என்ற டைவர். அவரும் இந்தச் சிதைவில் இறங்கியவர், புத்தகமும் எழுதினார். உடைந்த இடங்கள் ரெண்டு இருக்குதே, ஒரு டார்பிடோ ரெண்டு இடத்தில் எப்படி என்று கேட்டார். 1945 பிப்ரவரி 11 அன்று ஹோவர்ட் டி. க்ரோ, கோய்னர் என்ற ரெண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இந்தப் பகுதியில் ஒரு இலக்கைத் தாக்கிய பதிவை முன்வைத்தார். 2005-க்குப் பிறகு இதுதான் ஏற்கப்பட்ட பதிவாக இருக்கிறது. எனக்கும் இதுதான் சரியாகப் படுது. ரெண்டு காயம் இருந்தா ரெண்டு அடி தேடணும்.

அன்று அந்தப் போர்க்கப்பல்களில் இருந்தவர்கள் குண்டு வீசினார்கள், எண்ணெய் மேலே வந்தது. ஆனா கீழே இருப்பது ஏற்கெனவே மூழ்கிய ஏதோ பழைய கப்பலாக இருக்கும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். உண்மையில் மூழ்கடித்தவர்கள் மூழ்கடிக்கலை என்று எழுதினார்கள். மூழ்கடிக்காதவர்களுக்கு மூழ்கடித்ததாகப் பேர் கிடைத்தது. பிப்ரவரி 11-ல் இறந்த 56 பேர், காகிதத்தில் 28 வரை, இன்னும் 17 நாள் உயிரோடு அட்லாண்டிக்கைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு ஆள் அந்தக் கணக்கில் இல்லை. ஹெர்பர்ட் குஷெவ்ஸ்கி, யு-869-ன் ரேடியோ ஆட்களில் ஒருவர். கப்பல் புறப்படும் முன் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போனது. 1944-ல் அது சாதாரண நோய் இல்லை, பென்சிலின் ஜெர்மானியர்களுக்கு எளிதில் கிடைக்காத காலம். அந்த நோய்தான் அவரைக் காப்பாத்துச்சு.

அவருக்கு ஹோரன்பர்க்கைத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே ரேடியோ அறை ஆட்கள். தன் கூட்டாளிகள் ஆப்பிரிக்கா பக்கம் மூழ்கினார்கள் என்றுதான் அவரும் ஐம்பது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்.

கோலர் பிறகு ஜெர்மனிக்கே போனார். தளபதி நோயர்பர்க்கின் பிள்ளைகளைப் பார்த்தார். கப்பல் போனபோது அப்பாவின் முகம் நினைவில் நிற்காத வயது அவர்களுக்கு. இறந்த அதிகாரி ஒருவரின் தம்பியையும் பார்த்தார், சிறுவனாக இருந்தபோது அண்ணனோடு யு-869-க்குள் ஏறிச் சுற்றிப் பார்த்தவர் அவர். நியூஜெர்சியிலிருந்து ஒரு கண்ணாடி வியாபாரி வந்து, உங்க ஆட்கள் ஆப்பிரிக்காவில் இல்லை, எங்க ஊர் கடலுக்கடியில் இருக்காங்க, நான் பார்த்தேன், அவங்களைத் தொடலை என்று சொல்லிட்டுப் போனார்.